எச்சரிக்கைச் சுற்றறிக்கையை அனுப்பும் முன்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கும், வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களை நடத்தும் பெற்றோருக்கும்,

வணக்கம். கொடூரமான வீடியோ ஒன்று பரவுகிறது என்று தெரிந்ததும் பல பள்ளிகள் உடனே ஒரு சுற்றறிக்கை அனுப்புகின்றன. வீடியோவின் பெயர் அதில் இருக்கும்; சில நேரம் படமும் இருக்கும். அதுவரை அதைப் பற்றிக் கேள்வியே படாத பிள்ளையும் அன்று மாலை அந்தப் பெயரைத் தேடிப் பார்க்கும். 2019 பிப்ரவரியில் பிரிட்டனில் 'மோமோ' விஷயத்தில் நடந்தது இதுதான். பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தூண்டும் சவால் என்று பள்ளிகளும் பத்திரிகைகளும் எச்சரித்தன. அப்படித் தீங்கு நடந்ததற்கு உறுதியான சான்று இல்லை என்று குழந்தைகள் நல அமைப்புகள் சொல்லி முடிப்பதற்குள், பிதுங்கிய கண்களோடு 'மோமோ'வின் முகம் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அது ஜப்பானில் கண்காட்சிக்காகச் செய்யப்பட்ட ஒரு சிலையின் முகம், அவ்வளவுதான்.

ஆகவே முதல் கோரிக்கை: பெயர், படம், வர்ணனை எதுவும் சுற்றறிக்கையில் வேண்டாம். பார்த்துவிட்ட பிள்ளையை என்ன செய்வது என்பதை மட்டும் எழுதுங்கள்.

பிள்ளை வந்து சொன்னால் பெரும்பாலான வீடுகளில் முதலில் பறிபோவது போன். இதைவிடப் பெரிய தவறு இல்லை என்பது எங்கள் கருத்து. 'சொன்னால் போன் போகும்' என்று ஒருமுறை தெரிந்துகொண்ட பிள்ளை அடுத்த முறை வாய் திறக்காது. அதோடு, பல நேரம் பிள்ளை எதையும் தேடிப் போவதே இல்லை. 2020-ல் ஒரு தற்கொலைக் காட்சி டிக்டாக்கில் பரவியபோது, சாதாரண வீடியோபோலத் தொடங்கி நடுவில் அந்தக் காட்சி வரும்படி ஒட்டிப் போட்டிருந்தார்கள்.

முதல் பத்து நிமிடம் முக்கியம். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். "என்ன பார்த்தே?" என்று ஒருமுறை கேட்டால் போதும், குறுக்கு விசாரணை வேண்டாம். அடுத்து, "அதுல எது திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வருது?" என்று கேளுங்கள். விபத்துக் காட்சியில் ரத்தம்தான் உறுத்தும் என்று நாம் நினைப்போம். பிள்ளைக்கோ ஓரத்தில் கிடந்த ஒற்றைச் செருப்போ, பின்னால் கேட்ட அலறலோ மனசில் நிற்கலாம். எது நிற்கிறதோ அதைப் பற்றித்தான் பேச வேண்டும். உண்மைச் சம்பவத்தை "சும்மா கிராபிக்ஸ்" என்று சொல்லிச் சமாளிக்காதீர்கள். பொய் பிடிபட்டால் உங்கள் ஆறுதலையும் பிள்ளை நம்பாது.

ஆறேழு வயதுக்குக் கீழே சிக்கல் வேறு. ஒரே காட்சியை டிவி பத்து முறை காட்டினால், பத்து முறை நடந்ததாகச் சின்னப் பிள்ளை நினைக்கக்கூடும். அணைத்துவிட்டு, "ஒரு தடவைதான் நடந்தது, அது முடிஞ்சு போச்சு" என்று சொல்லுங்கள்.

இரவில் கண்ணை மூடினால் காட்சி வரும். "அதை நினைக்காதே" என்றால் இன்னும்தான் வரும். மாறாக, அதே காட்சி ஒரு சின்னத் திரையில், கறுப்பு வெள்ளையில், சத்தமில்லாமல், தூரத் தூரப் போவதாகக் கற்பனை செய்யச் சொல்லிப் பாருங்கள். சில நாட்கள் பெற்றோர் பக்கத்தில் படுத்துக்கொள்ளட்டும். தூக்கக் கெடுதலும் வயிற்றுவலியும் ஓரிரு வாரத்தில் குறைந்து வந்தால் கவலையில்லை. ஒரு மாதம் தாண்டினாலோ, பள்ளிக்கு வரவே மறுத்தாலோ மனநல நிபுணரிடம் காட்டுங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்வதாகப் பேசினால் அன்றைக்கே.

போனில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பயந்துகொண்டே உற்றுப் பார்த்ததையும் செயலி 'விருப்பம்' என்றே கணக்கு வைக்கும். அதனால் யூடியூபில் பார்த்தவை பட்டியலிலிருந்து அந்த வீடியோவை நீக்கி, ஆட்டோபிளேயை அணையுங்கள். இன்ஸ்டாகிராமில் அதுபோன்றவற்றுக்கு 'ஆர்வமில்லை' கொடுங்கள். வாட்ஸ்அப்பில் மீடியா தானாக இறங்குவதை மொபைல் டேட்டாவுக்கு மட்டும் நிறுத்திவிட்டு வைஃபையை மறந்துவிடுகிறார்கள். இரண்டையும் தனித்தனியே நிறுத்த வேண்டும்.

குழு நிர்வாகிகளுக்கு ஒன்று: "எவ்வளவு கொடுமை பாருங்கள்" என்று ஃபார்வர்டு செய்வதும் பரப்புவதுதான். குறிப்பாக, ஒரு பிள்ளையின் ஆபாசப் படம் வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள், தலைமை ஆசிரியருக்குக்கூட அனுப்பாதீர்கள்; பல நாடுகளில் அதை வைத்திருப்பதே குற்றம். யார் அனுப்பியது, எப்போது என்று தாளில் குறித்துக்கொண்டு, போனில் எதையும் அழிக்காமல் காவல்துறையிடம் போங்கள்.

சுற்றறிக்கை இப்படி இருந்தால் போதும், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"பயமுறுத்தும் வீடியோ ஒன்று சுற்றுகிறது. உங்கள் பிள்ளை பார்த்திருந்தால் திட்ட வேண்டாம், போனைப் பறிக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பள்ளியில் பேச விரும்பும் பிள்ளை இந்த ஆசிரியரிடம் வரலாம். வந்து சொன்னதற்காகத் தண்டனை கிடையாது."

கடைசி வரிக்கு முன், அந்த ஆசிரியர் பெயரை மறக்காமல் போடுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் மனநல ஆலோசகர்கள் சிலர்