ஸ்ரீ மூடாவில் வீடு எடுத்த மகனுக்கு

லாபிஸ், ஜொகூர்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

இங்கு அனைவரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. போன வாரம் வந்த அக்காள், நீ ஷா ஆலாமில் தாமான் ஸ்ரீ மூடா குடியிருப்புக்கு வீடு மாறிவிட்டதாகச் சொன்னாள்.

நம் ஊரின் பேரிடர் முன்னேற்பாட்டுக் குழு இந்த ஆண்டு வேலைகளைத் தொடங்கிவிட்டது. மழை நவம்பரில்தானே வரும், ஜூன் மாதத்தில் எதற்கு இந்த ஓட்டம் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பருவமழை முடிந்தது என்று நம்பி, பரணில் ஏற்றிய சாமான்களை எல்லோரும் இறக்கி வைத்த பிறகு, 2023 மார்ச் தொடக்கத்தில்தான் செகாமட்டும் லாபிஸும் யோங் பெங்கும் மூழ்கின என்பதை அவர்களுக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறேன். ஏப்ரலிலும் அக்டோபரிலும் மாலை இடியோடு வரும் காற்று லயத்துக் கூரைத் தகரங்களைப் பெயர்த்துவிடுகிறது. அதற்கு முன் ஆணிகளைப் பார்த்து, சாய்ந்த கிளைகளை வெட்டியாக வேண்டும். நடு ஆண்டு வறட்சியில் புகைமூட்டம் வந்தால், ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு முகக்கவசமும் மருந்தும் கையில் இருக்க வேண்டும். மழை இறங்குவதற்குள் லோங்காங்கில், அதாவது சாக்கடைக் கால்வாயில், அடைத்துக் கிடக்கும் செம்பனை மட்டைகளை அள்ளியாக வேண்டும்.

இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது நீ கணினியில் போட்டுக் கொடுத்த அந்தப் பட்டியல். எந்த வீட்டில் நடக்க முடியாதவர், எந்த வீட்டில் இன்சுலின், எந்த வீட்டில் கைக்குழந்தை என்பது அதில் இருப்பதால், பொதுத் தற்காப்புப் படையினர் படகோடு வந்தால் முதலில் எங்கே போக வேண்டும் என்று தேட வேண்டியதில்லை. வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகிறவர்களைச் சாலை மூடுவதற்கு முன்பே செகாமட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று சிவப்பு எழுத்தில் குறித்தவன் நீ. கூட்டத்தில் அந்தத் தாளை விரிக்கும்போதெல்லாம் என் மகன் செய்தது என்று சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை. அன்னம்மா பாட்டியின் பெயருக்கு நேரே கோழிகளையும் சேர்த்து எழுதியிருக்கிறாய். அந்த வெள்ள இரவுக்குப் பிறகு அது சரிதான்.

ஊருக்கே இப்படி யோசித்தவன், உனக்கென்று வீடு பார்க்கும்போது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 2021 டிசம்பர் 18 அன்று அந்தத் தாமானில் மக்கள் மாடியிலும் கூரையிலும் ஏறி நின்று படகுக்குக் காத்திருந்ததைத் தொலைக்காட்சியில் நாம் சேர்ந்துதான் பார்த்தோம். வாடகை குறைவாக இருந்திருக்கும் என்கிறாள் அம்மா. எங்களுக்கு மாதாமாதம் அனுப்பும் பணத்துக்காக நீ அங்கே போயிருந்தால், அந்தப் பணத்தைக் குறைத்துக்கொள். என் ஓய்வூதியம் போதும்.

அங்கேதான் இருப்பது என்று முடிவு செய்துவிட்டால், சொல்வதைச் செய். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் மூன்றையும் தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கதவருகே மாட்டி வை. வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கை மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்குப் போனாலே காரை மேட்டில் கொண்டுபோய் நிறுத்து. சிவப்பு வரும்வரை காத்திருக்காதே. வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவதற்கு முன்பே மெயின் சுவிட்சை அடைத்துவிடு. கால் நனைந்த பிறகு அதன் அருகே போகாதே. கேஸ் தோங்கை (சிலிண்டரை) மூடித் தூணோடு கட்டு. ஓடும் தண்ணீரில் காரை இறக்காதே, முழங்கால் அளவுதான் என்று தோன்றினாலும் இறக்காதே. வெள்ளம் வடிந்து வீடு கழுவும்போது பூட்ஸும் கையுறையும் போட்டுக்கொள். எலிக்காய்ச்சல் அந்தச் சேற்றில்தான் வருகிறது. சான்றிதழ்களை மறக்காதே.

நீ தொலைபேசியில் பேசிப் பல நாள் ஆகிறது. வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உன் வீடு எந்த மாடி என்பதை மட்டுமாவது எழுது. கீழ்த்தளம் என்றால், மேல்மாடியில் இருப்பவரின் கைப்பேசி எண்ணையும் அனுப்பு. பட்டியலில் உன் பெயரையும் சேர்த்துவிட்டேன். அந்த இரண்டு கட்டங்கள்தான் நிரப்பப்படாமல் இருக்கின்றன.

அன்புடன்
அப்பா