முதலில் இரண்டு ஓரத்தையும் பார்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். வலப்பக்கம் விறுவிறுவென்று ஏறும் ஒரு வளைகோடு. "இது இருபடிச் சார்பா, அடுக்குக்குறிச் சார்பாப்பா?" என்று கேட்டிருக்கிறாய். அந்தத் துண்டை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் அடித்துச் சொல்ல முடியாதம்மா.

இருபடிக்கு எக்ஸின் வர்க்கத்தையும், அடுக்குக்குறிக்கு 2-இன் எக்ஸ் அடுக்கையும் ஒரே தாளில் வரைந்து பார். எக்ஸ் 2 என்றால் இரண்டும் 4. எக்ஸ் 4 என்றால் இரண்டும் 16. நடுவே 3-இல் ஒன்று 9, மற்றது 8. அந்த இடத்தை மட்டும் வெட்டிக் காட்டினால் எனக்கே தடுமாறும். வலப்பக்கம் 10 வரை போ: ஒன்று 100, மற்றது 1024. இடப்பக்கம் போனால் சந்தேகமே இருக்காது. வர்க்கம் பூச்சியத்தைத் தொட்டதும் திரும்ப ஏறிவிடும். அடுக்குக்குறி ஏறவே ஏறாது. 1, அரை, கால், அரைக்கால் என்று குறைந்துகொண்டே எக்ஸ் அச்சை ஒட்டிப் போகும். எவ்வளவு தூரம் போனாலும் தொடாது. அதனால்தான் எந்த வளைவரை கையில் கிடைத்தாலும் நடுவிலுள்ள மேடுபள்ளத்துக்கு முன் இரண்டு ஓரத்தையும் பார் என்கிறேன்.

அச்சில் எண்கள் இருந்தால் கண்ணை நம்பி இருக்கவே வேண்டாம். சம இடைவெளியில் மதிப்புகளை எழுதிக்கொள். 0, 1, 4, 9, 16 என்றால் வித்தியாசம் 1, 3, 5, 7. அவற்றுக்கிடையே வித்தியாசம் எப்போதும் 2. இரண்டாம் வித்தியாசம் இப்படி மாறாமல் நின்றால் இருபடி. 1, 2, 4, 8, 16 என்று விகிதம் மாறாமல் நின்றால் அடுக்குக்குறி.

கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிவது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குத் தொங்கும் சங்கிலியே சாட்சி. அதன் வளைவு பரவளையத்துக்கு, அதாவது இருபடிச் சார்பின் வளைவுக்கு, மிக நெருக்கமானது என்று 1638-இல் கலிலியோ எழுதினார். லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யோஹான் பெர்னூலி என்ற கணித அறிஞர்கள் மூவரும் அதன் உண்மையான வடிவத்தை வெளியிட்டது 1691-இல். ஏறும் அடுக்குக்குறி ஒன்றையும் இறங்கும் அடுக்குக்குறி ஒன்றையும் கூட்டிப் பாதியாக்கினால் வருவது அது. அடிப்பகுதியில் அப்படியே பரவளையம்போல் இருக்கும், ஓரங்களில்தான் விலகும்.

வர்க்கமூலத்தையும் மடக்கையையும் (அடுக்குக்குறியின் தலைகீழ்ச் சார்பு, log) நீ குழப்பிக்கொள்வாய் என்று நினைக்கிறேன். இரண்டும் வலப்பக்கம் மெல்ல மெல்ல ஏறும். வர்க்கமூலம் ஆதிப்புள்ளியிலிருந்து கிளம்பும். மடக்கையோ ஒய் அச்சை நெருங்க நெருங்க அடியே இல்லாமல் கீழே இறங்கும். எக்ஸ் அச்சை 1-இல் வெட்டும்.

ஒன்றின் கீழ் எக்ஸ், ஒன்றின் கீழ் எக்ஸ் வர்க்கம் இரண்டிலும் பூச்சியத்தில் இடைவெளி உண்டு. முன்னதில் ஒரு கை மேலே, ஒரு கை கீழே போகும். பின்னதில் இரண்டுமே மேலே. பல்லுறுப்புக்கோவையில் வளைவு எக்ஸ் அச்சைத் தொட்டுத் திரும்பினால் அந்த மூலம் (கோவை பூச்சியமாகும் எக்ஸ் மதிப்பு) இரட்டைப்படை முறை வருகிறது. வெட்டிக் கடந்தால் ஒற்றைப்படை முறை. சைனும் கொசைனும் ஒரே அலைதான், 90 பாகை தள்ளி நிற்கின்றன. பூச்சியத்தில் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

உன் படத்தில் எக்ஸ் 1-இலிருந்துதான் தொடங்குகிறது. எதிர்மப் பக்கத்தையும் சேர்த்து, ஒய் அச்சின் எண்களோடு மறுபடி அனுப்பு. அந்த அச்சு மடக்கை அளவில், அதாவது 1, 10, 100 என்று சம இடைவெளியில் பெருகும் அளவில், இருந்தால் அதையும் சொல்லம்மா. அதில் அடுக்குக்குறி நேர்கோடாகத் தெரியும்.

அன்புடன்,
அப்பா