ஆனை எடுப்பதா வேண்டாமா

அன்புள்ள மக்கா,

கடுதாசி கிடைத்தது. மழையில் ரப்பர் பால்வெட்டு நின்றுபோனதும், சின்னவளுக்குக் களியக்காவிளைப் பக்கம் வரன் பார்த்திருப்பதும் அறிந்தேன். நல்லபடியாக முடியட்டும். விழாவுக்கு ஆனை எடுப்பதா வேண்டாமா என்று உங்கள் கோவில் கமிட்டி இரண்டு கட்சியாக நிற்கிறது, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருந்தாய்.

போன மாதம் நாகர்கோவிலுக்கு சர்க்கஸ் வந்திருந்தது. பேரனைக் கூட்டிக்கொண்டு போனேன். இடைவேளை வரை "புலி எப்ப வரும் தாத்தா?" என்று நச்சரித்தான். வராது மக்ளே என்றேன். நாம் வாய்பிளந்து பார்த்தது அவனுக்குக் கிடைக்கவில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் இவற்றைப் பழக்கி வித்தை காட்டக்கூடாது என்று 1998-இல் மத்திய அரசு ஆணை போட்டது. சர்க்கஸ்காரர்கள் கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். தலசேரிதான் இந்திய சர்க்கஸுக்குத் தாய்வீடு, ஆனாலும் 2000-இல் அந்த மாநிலத்துக் கோர்ட்டே அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. நெருக்கமான கூண்டு, பசி, பயம், வலி, ஓய்வே இல்லாத கேவலமான பிழைப்பு, இதையெல்லாம் யாரும் மறுக்க முடியாது என்றது. மறுவருஷம் உச்சநீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது.

இந்தப் பேச்சு வந்தாலே எல்லாரும் சவுக்கைத்தான் சொல்கிறார்கள். அடிக்காமல், சொந்தப் பிள்ளைபோல் பழக்கினவர்களும் இருந்திருப்பார்கள். இருக்கட்டும். புலி வளையத்துக்குள் பாய்வது பத்து நிமிஷம். மிச்ச நேரம்? நாலு எட்டு வைத்தால் கம்பியில் முட்டும் கூண்டு, காட்சி முடிந்தால் அடுத்த ஊருக்கு லாரி. அந்த மிச்ச நேரத்தைப் பார்க்க யாரும் டிக்கெட் எடுப்பதில்லை, அதனால் கேட்பாரும் இல்லை. என் வழக்கெல்லாம் அந்த மிச்ச நேரத்தைப் பற்றித்தான்.

மிருகம் போனபிறகு கூட்டம் குறைந்து கொட்டகைத் தொழிலாளிகள் வயிற்றில் அடி விழுந்தது என்பாய். மறுக்கமாட்டேன். அவர்களுக்கு வழி பண்ணவேண்டியது மனுஷர் பொறுப்பு, அதைக் கொண்டுபோய்ப் புலியின் தலையில் கட்டக்கூடாது.

சர்க்காரு தடுத்த அந்த ஐந்து மிருகத்தில் ஆனை இல்லை. இதே கணக்கை அதற்கும் போட்டுப் பார். நெற்றிப்பட்டம் கட்டிச் சாமியை எழுந்தருளப் பண்ணுவது ஓரிரு மணி நேரம். மற்றபடி காலில் சங்கிலி, உச்சிவெயிலில் தார் ரோடு, காதுக்குப் பக்கத்தில் செண்டையும் வெடியும், ராத்திரியோடு ராத்திரியாக அடுத்த கோவிலுக்கு லாரி. நமக்குப்போல வேர்த்துக் குளிர்கிற உடம்பும் இல்லை அதற்கு, காதை வீசித்தான் சூட்டை இறக்கவேண்டும். சர்க்கஸ் வேறு, பக்தி வேறு என்று உன் ஆட்கள் சொல்வார்கள். நமக்கு வேறுதான். ஆனைக்கு?

ஆனை இல்லாவிட்டால் சாமிக்குக் குறைச்சல் என்பவர்களிடம் ஒன்று கேள். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் போகிற சரஸ்வதி அம்மன் ஆனைமேல் போகிறாள், சரி. கூடவே போகும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மனும் பல்லக்கில்தானே போகிறார்கள்? நங்கைக்கு மதிப்புக் குறைந்துவிட்டது என்று எவனாவது சொல்லியிருக்கிறானா?

திருச்சூர்ப் பக்கம் இரிஞ்ஞாடப்பிள்ளி கோவிலில் 2023-இல் இயந்திர ஆனையை நடைக்கு இருத்தினார்கள், அதாவது சாமிக்குக் காணிக்கையாக விட்டார்கள். காதெல்லாம் ஆட்டுமாம். நல்ல எண்ணம்தான், எனக்கு என்னவோ ஒட்டவில்லை. பல்லக்குச் சுமக்க நம்ம ஊரில் தோளுக்கா பஞ்சம்?

ஆனைக்கு ஒதுக்கின காசில் அன்னதானத்தை இன்னொரு நாள் நீட்டினால் எதிர்க்கட்சியில் பாதிப்பேர் இந்தப் பக்கம் வந்துவிடுவார்கள், உன் மச்சினன் உட்பட. நான் சொன்னேன் என்று மட்டும் அவரிடம் சொல்லாதே, பழைய கணக்கு இன்னும் தீரவில்லை.

கல்யாணத் தேதி குறித்ததும் உடனே எழுது. வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

உன்,
மணி