தேதி தீர்மானிக்கும் பரிசு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. புது வீட்டில் எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. மற்ற செய்திகளுக்குத் தனியாக எழுதுகிறேன். முதலில் உன் மகள் கேட்டனுப்பிய கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது மிகச் சரியான கேள்வி. 2021 டிசம்பரில் அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டு, அந்நாட்டில் பிரபலமான நூறு பாட்டுகளை வாராவாரம் வரிசைப்படுத்தும் ஹாட் 100-ன் ஆண்டிறுதிப் பட்டியலில், பாடகி துவா லிப்பாவின் 'லெவிடேட்டிங்' பாட்டுக்கு முதலிடம் தந்தது. அடுத்த மே மாதம் லாஸ் வேகஸில் நடந்த பில்போர்டு இசை விருதுகளில், ஆண்டின் ஹாட் 100 பாட்டுக்கான பரிசு தி கிட் லராய், ஜஸ்டின் பீபர் இருவரின் 'ஸ்டே' பாட்டுக்குப் போனது. அதே பத்திரிகை, அதே பட்டியல். பிறகு எப்படி முடிவு மாறியது என்று கேட்கிறாள். யாரோ உள்ளே புகுந்து மாற்றிவிட்டார்கள் என்று அவள் தோழிகள் சொல்வதாகவும் எழுதியிருந்தாய்.

யாரும் மாற்றவில்லை. எண்ணத் தொடங்கிய தேதியும் நிறுத்திய தேதியும் வேறு, அவ்வளவுதான். ஆண்டிறுதிப் பட்டியல் 2020 நவம்பரிலிருந்து 2021 நவம்பர் வரை எண்ணியது. 2022 விருது, 2021 ஏப்ரல் 10 தேதியிட்ட பட்டியலில் தொடங்கி 2022 மார்ச் 26 தேதியிட்ட பட்டியலில் முடிந்தது. 'லெவிடேட்டிங்' 2020 அக்டோபரிலேயே ஹாட் 100-க்குள் வந்துவிட்ட பாட்டு. மொத்தம் 77 வாரம் அதில் இருந்தது. அந்த வாழ்நாளை விருதுக் கணக்கு நடுவே வெட்டிவிட்டது. குளிர்காலத்தில் முதல் பத்துக்குள் இருந்து சேர்த்த புள்ளிகள் எல்லாம் முந்தைய விழாவின் கணக்கில் போய்ச் சேர்ந்தன. 'ஸ்டே' வெளியானது 2021 ஜூலையில். அதன் பொற்காலம் முழுவதும் ஒரே கணக்குக்குள் விழுந்தது. ஆகவே இந்த விருதைப் பற்றி யார் என்ன சொன்னாலும், முதலில் கேட்க வேண்டியது: "எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை?"

இதைவிடக் கொடுமையானது அடுத்த முறை நடந்தது. 2022 விழா மே மாதம் நடந்தது. அதற்கடுத்த விழாவை 2023 நவம்பருக்குத் தள்ளினார்கள். அதற்கான கணக்கு 2022 நவம்பர் 19 முதல் 2023 அக்டோபர் 21 வரை. நடுவில் 2022 ஏப்ரல் 2 முதல் நவம்பர் 12 வரை வந்த 33 வாரப் பட்டியல்கள் எந்த விழாவுக்கும் சொந்தமில்லாமல் போயின. ஹாரி ஸ்டைல்ஸின் 'ஆஸ் இட் வாஸ்' முதலிடத்தில் இருந்த 15 வாரங்களும் அந்தப் பள்ளத்தில்தான் கிடக்கின்றன. 2022 ஆண்டிறுதிப் பட்டியலில் இரண்டாம் இடம் பெற்ற பாட்டு அது. தேதியை நகர்த்துவது நிர்வாக வசதிக்காகத்தான் என்றாலும், எண்ணிக்கையை நம்பி நிற்கும் ஒரு விருது இப்படி அரை ஆண்டுக்கு மேல் கைவிட்டிருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிந்திய விழாவின் கணக்கை நீட்டியிருக்கலாம்.

இனி, எண்ணுவது எதை? கிராமி விருதுக்கு அதை வழங்கும் ரெக்கார்டிங் அகாதெமியின் உறுப்பினர்கள் வாக்களிக்கிறார்கள். அமெரிக்க இசை விருதுகளில் வெற்றியாளரை ரசிகர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். பில்போர்டு விருதில் பெரும்பாலான பிரிவுகளுக்கு வாக்கே கிடையாது. விற்பனை, ஸ்ட்ரீமிங், வானொலி ஒலிபரப்பு, கச்சேரி வசூல் ஆகியவற்றின் கூட்டுத்தொகைதான் பரிசு. சமூக ஊடகக் கலைஞருக்கான பிரிவு ரசிகர் வாக்கில் நடந்தது. 2017-ல் அதை கொரியக் குழுவான பிடிஎஸ் வாங்கியதும் அதுவரை ஆண்டுதோறும் வாங்கிவந்த பீபரின் வரிசை அறுந்ததும் உன் மகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

விருது தொடங்கியது 1990-ல். அப்போது வாராந்தரப் பட்டியலே நம்பத்தகுந்ததாக இல்லை. இசைக்கடைக்காரர்கள் தங்கள் கடையில் எது அதிகம் போகிறது என்று தொலைபேசியில் வரிசை சொல்வார்கள், அதைக் கூட்டிப் பட்டியல் போடுவார்கள். விருப்பும் மறதியும் கலந்துவிடும். 1991 மே 25 தேதியிட்ட ஆல்பம் பட்டியலிலிருந்து சவுண்ட்ஸ்கேன் என்ற விற்பனை எண்ணும் முறை வந்தது: பில் போடும்போது பார்கோடு படிக்கப்பட்டால் அது ஒரு விற்பனை, இல்லையென்றால் இல்லை. ஒரே ஆண்டில் படம் தலைகீழானது. அதற்கு முன் நேராக முதலிடத்தில் நுழைந்த ஆல்பங்கள் ஆறுதான். பிறகு அது வாடிக்கையாகிவிட்டது. கன்ட்ரி, ராப் ஆகிய இரண்டு இசை வகைகளும் கடைக்காரர்கள் சொன்னதைவிட அதிகமாக விற்றுக்கொண்டிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. ஹாட் 100-க்கு இந்த முறை அதே ஆண்டு நவம்பரில் வந்தது.

ஆனால் துல்லியமாக எண்ணினாலும், எதை எண்ணலாம் என்ற விதி தவறாக இருந்தால் பயனில்லை. 1998 டிசம்பர் வரை, தனிப் பாட்டாகக் கடையில் விற்பனைக்கு வராத பாட்டுக்கு ஹாட் 100-ல் இடமில்லை. நோ டவுட் குழுவின் 'டோன்ட் ஸ்பீக்' 16 வாரம் வானொலிப் பட்டியலின் உச்சியில் இருந்தும் ஹாட் 100-ல் ஒரு வாரம்கூட வரவில்லை. ஆல்பம் விற்க வேண்டும் என்பதற்காக நிறுவனங்கள் வேண்டுமென்றே தனிப் பாட்டாக வெளியிடாமல் வைத்திருந்தன. 2005-ல் டவுன்லோடுகளைச் சேர்த்தார்கள், 2013-ல் யூடியூபை.

எடைக்கணக்குதான் நீங்கள் இருவரும் உட்கார்ந்து படிக்க வேண்டிய இடம். 2018 ஜூலையில் வகுத்து 2025 வரை இருந்த கணக்குப்படி, ஹாட் 100-ல் சந்தா கட்டிக் கேட்கும் ஒரு ஸ்ட்ரீமுக்கு ஒரு புள்ளி, விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்டால் மூன்றில் இரண்டு பங்கு, கேட்பவர் தேர்ந்தெடுக்காமல் வானொலி போல் தானாக ஓடினால் அரைப் புள்ளி. ஆல்பம் பட்டியலுக்கு அப்போது வேறு கணக்கு: 1,250 சந்தா ஸ்ட்ரீம் ஓர் ஆல்பம்; இலவசமென்றால் 3,750 வேண்டியிருந்தது; அதிலுள்ள பாட்டுகள் 10 டவுன்லோடு ஆனாலும் ஓர் ஆல்பம்.

இந்தக் கணக்கு எங்கே வளைந்தது என்று பார். 12 பாட்டு உள்ள ஆல்பத்தைச் சந்தாவில் முழுதாக 105 முறை ஓட்டினால்தான் ஓர் ஆல்பம் விற்றதாக எண்ணினார்கள். மார்கன் வாலனின் 'ஒன் திங் அட் எ டைம்' ஆல்பத்தில் 36 பாட்டு. அதை 35 முறை ஓட்டினாலே போதுமாயிருந்தது. 2023 விழாவில் அவர் வாங்கிய 11 பரிசுகளில் ஆண்டின் ஆல்பமும் ஒன்று. அந்த ஆல்பத்தை மக்கள் உண்மையாகவே விரும்பிக் கேட்டார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதன் ஒரு பாட்டு மட்டுமே 16 வாரம் ஹாட் 100-ன் உச்சியில் இருந்தது. ஆனாலும் நீளமான ஆல்பத்துக்கு விதியே கை கொடுக்கிறது. இன்னொரு வளைவும் உண்டு. ஒரே ஒரு பாட்டு கோடிக்கணக்கில் ஓடினால், மற்றவற்றை யாரும் தொடாவிட்டாலும் ஆல்பம் மேலே ஏறிவிடும். பிரிட்டனின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் மிக அதிகம் ஓடும் இரண்டு பாட்டுகளின் எடையைக் குறைத்துத்தான் கூட்டுகிறார்கள். பில்போர்டும் அதைச் செய்ய வேண்டும்.

மலிவு விலை, இலவசம், பொட்டலம் ஆகிய மூன்று வழிகளிலும் பட்டியலை ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு விதி பிறந்திருக்கிறது. 2011 மே மாதம் லேடி காகாவின் ஆல்பத்தை அமேசான் 99 சென்ட்டுக்கு விற்றது. முதல் வாரம் விற்ற சுமார் 11 லட்சத்தில் ஏறக்குறைய 4.4 லட்சம் அந்த விலையில் போனவை. அந்த ஆண்டே, வெளியான முதல் நான்கு வாரத்தில் 3.49 டாலருக்குக் குறைவாக விற்ற ஆல்பத்தை எண்ணமாட்டோம் என்று விதி வந்தது. 2013-ல் ஜே-ஸியின் ஆல்பத்தை 10 லட்சம் பிரதி முன்கூட்டியே வாங்கி சாம்சங் தன் பயனர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. பில்போர்டு அதில் ஒன்றைக்கூட எண்ணவில்லை. கடையில் விற்றதை வைத்தே அந்த ஆல்பம் முதலிடம் பிடித்தது. பிறகு டி-ஷர்ட்டோடும் கச்சேரி டிக்கெட்டோடும் ஆல்பத்தைச் சேர்த்துக் கட்டி விற்றார்கள். 2020 ஜனவரியில் கட்டுப்பாடு போட்டும் அடங்கவில்லை. அக்டோபரில், வாங்குபவர் தனியாக விலை கொடுத்துச் சேர்த்துக்கொண்டால் மட்டுமே கணக்கு என்று அப்போது விதித்தார்கள். வினைல் இசைத்தட்டு, சிடி போன்றவற்றை ஆர்டர் செய்த நாளில் எண்ணாமல், அனுப்பிய நாளில் எண்ணுவதும் அப்போதுதான் வந்தது. இது முக்கியம். வினைல் அச்சாகி வர மாதங்கள் ஆகலாம். கணக்கு முடியும் தேதிக்கு முன் ஆர்டர் குவிந்தாலும், அனுப்புவது தாமதமானால் அந்தப் பிரதிகள் அடுத்த கணக்குக்குப் போய்விடும்.

உன் மகள் அடுத்த விழாவுக்குத் தானே கணக்குப் போட வேண்டும் என்று ஆசைப்படுகிறாளே, அதற்கான வழி இது. வாரம் என்பது வெள்ளி முதல் வியாழன் வரை. பட்டியல் அடுத்த செவ்வாய்க்கிழமை வரும். அதில் அச்சாகும் தேதி அதற்கும் பிந்திய சனிக்கிழமை. விழாக் கணக்கு பட்டியல் தேதியை வைத்துப் போவதால், உண்மையில் கேட்ட நாள் அதற்கு ஒன்பது முதல் பதினைந்து நாள் முந்தியது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஒரு பாட்டு திங்கட்கிழமை வெளியானால் முதல் வாரத்தில் மூன்று நாள் போய்விடும் என்பதையும் அவள் குறித்துக்கொள்ளட்டும்.

பாட்டுகளுக்கு, ஒவ்வொரு வாரமும் 101-லிருந்து இடத்தின் எண்ணைக் கழித்து எழுதச் சொல். முதலிடம் 100, நூறாம் இடம் 1. நான்கு வாரம் உச்சியில் இருந்துவிட்டுப் பத்து வாரம் நாற்பதாம் இடத்தில் தங்கி மறைந்த பாட்டுக்கு 1,010 வரும். நாற்பது வாரம் பத்தாம் இடத்திலேயே நின்ற பாட்டுக்கு 3,640. உச்சியைத் தொடாமலே ஆண்டை வெல்ல முடியும் என்பது இதில் தெரிந்துவிடும். 'லெவிடேட்டிங்' அப்படித்தான், அதன் உச்சம் இரண்டாம் இடம். 2000-ல் ஃபெய்த் ஹில்லின் பாட்டும் 2001-ல் லைஃப்ஹவுஸின் பாட்டும் அவ்வாறே.

இந்த முறை தோராயமானது என்பதை மட்டும் அவளுக்குச் சொல்லிவிடு. 1991-க்குப் பிறகு பில்போர்டு இடத்தைக் கூட்டுவதில்லை, இடத்துக்குப் பின்னால் உள்ள அசல் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் நடுவே சில வாரம் நூலிழைதான் இருக்கும், சில வாரம் இருமடங்கு இருக்கும். நம் தாளில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே புள்ளி. அதனால் முதலிடப் பாட்டைப் பற்றி ஒவ்வொரு வாரமும் வெளியிடும் ஸ்ட்ரீம், ஒலிபரப்பு, விற்பனை எண்களைப் பக்கத்திலேயே குறித்து வரட்டும். இரண்டு பாட்டு நெருங்கி வரும்போது அதுதான் கை கொடுக்கும். ஆல்பத்துக்கு இந்தச் சுற்றுவழி வேண்டாம். முதல் பத்து ஆல்பங்களின் யூனிட் எண்ணிக்கையையே, அதாவது விற்பனையையும் ஸ்ட்ரீமையும் ஆல்பமாக மாற்றிக் கூட்டிய எண்ணையே, வாராவாரம் சொல்கிறார்கள், நேரே கூட்டலாம்.

இருபது வாரம் கடந்த பாட்டு ஐம்பதாம் இடத்துக்குக் கீழே இறங்கினால் ஹாட் 100-லிருந்து எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு லட்சக்கணக்கில் ஓடினாலும் தாளில் சுழியம்தான் வரும். அவள் கூட்டல் தவறிவிட்டது என்று பதறாமல் இருக்க இதை முன்பே சொல்லிவை.

அடுத்த விழாவின் தேதி அறிவிப்பு வந்ததும் கணக்குத் தொடங்கும் பட்டியல், முடியும் பட்டியல் இரண்டையும் முதல் வரியில் எழுதி, முதல் நான்கு வாரத் தாளை எனக்கு அனுப்பச் சொல். நானும் இங்கே போட்டு வைக்கிறேன், ஒத்துப் பார்க்கலாம். வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் உன்
நண்பன்