வேலிக்கு வலை அடிக்க அனுமதியுங்கள்: எங்கள் வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவருக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற வாரம் நீங்கள் ஒரே உறையில் அனுப்பிய இரண்டு தாள்களைப் பற்றியது இம்மடல். முதல் தாள், எல்லா வீடுகளுக்கும் வந்த சுற்றறிக்கை. நம் கடைசித் தெருவில் ஒரு வீட்டு நாயைக் கயோட்டி (ஓநாய்க்கு உறவான, நரியைப் போன்ற காட்டு விலங்கு) தூக்கிச் சென்றதை அடுத்து, கயோட்டிகளைப் பொறிவைத்துப் பிடித்து அப்புறப்படுத்த ஒரு நிறுவனத்தை அமர்த்தவும், அதற்கான செலவை வீட்டுக்கு வீடு சிறப்புக் கட்டணமாக வசூலிக்கவும் பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்பு நடக்கும் என்று அது அறிவிக்கிறது. இரண்டாம் தாள் எனக்கு மட்டும் வந்தது. என் வீட்டுப் பின்புற இரும்பு வேலியில் நான் அடித்திருக்கும் கம்பிவலை குடியிருப்பின் பொதுத் தோற்றத்துக்கு ஒவ்வாதது என்றும், குறித்த நாளுக்குள் அகற்றாவிட்டால் அபராதம் விதிக்கப்படும் என்றும் அது எச்சரிக்கிறது. கயோட்டி வரக்கூடாது என்பதற்காக ஊர் முழுவதும் பணம் கேட்கும் சங்கமே, கயோட்டியைத் தடுக்கும் வலையைக் கழற்றச் சொல்லி அதே உறைக்குள் ஒரு தாளைச் சேர்த்து அனுப்பியிருக்கிறதே, இவ்விரண்டையும் ஒருவராவது சேர்த்துப் படித்துப் பார்த்தீர்களா என்று பணிவுடன் கேட்க விரும்புகிறேன்.

இதே செய்தியை ஆங்கிலத்திலும் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். வாக்களிக்க இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே கணிசமாக இருப்பதால், அவர்களும் முழுமையாக அறியட்டும் என்று தமிழிலும் எழுதுகிறேன். என் கோரிக்கை ஒன்றே ஒன்று: பாலைவனத்தை ஒட்டிய வீடுகள் தம் வேலிக்கு முழு உயரத்துக்கும் வலை அடித்துக்கொள்ளவும், ஏறும் விலங்கு பற்றிக்கொள்ள முடியாதபடி மேல்விளிம்பில் சுழலும் உருளை பொருத்திக்கொள்ளவும் அனுமதியுங்கள்.

நாம் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரின் அவட்டூக்கி பகுதியில் குடியிருக்கிறோம். வேலிக்கு அப்பால் இருப்பது 16,000 ஏக்கருக்கும் மேற்பட்ட சவுத் மவுண்டன் காப்பகம். மலையின் தெற்கிலும் மேற்கிலும் 2019 டிசம்பரில் திறக்கப்பட்ட நெடுஞ்சாலை ஓடுகிறது. அதன் அடியில் விலங்குகள் கடப்பதற்கு வழிகள் விட்டிருந்தாலும், மேற்கே உள்ள எஸ்ட்ரெயா மலைப்பக்கம் அவை தடையின்றிப் போய்வந்த பழைய காலம் முடிந்துவிட்டது. கயோட்டி, பாப்கேட் என்ற காட்டுப்பூனை, காட்டுப்பன்றி போன்ற ஹாவலீனா, கிலுகிலுப்பைப் பாம்பு ஆகியவற்றோடு பக்கத்தில் வாழ்வோம் என்று தெரிந்தேதான் நாம் அனைவரும் வீடு வாங்கினோம். விற்பனைத் தாளில் "காட்டுயிர்களைக் கண்டு மகிழலாம்" என்று அச்சடித்து, அதற்காகக் கூடுதல் விலையும் வாங்கினார்கள். கண்டு மகிழ்ந்தபின் என்ன செய்வது என்பதை மட்டும் அச்சடிக்க மறந்துவிட்டார்கள்.

என் வீட்டு நிலைமையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் என் தாயாருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, முழங்கால் வலி வேறு. வீட்டின் பின்புறத்தில் அவர் வளர்க்கும் முருங்கையும் கறிவேப்பிலையும்தான் இந்த ஊரில் அவருக்கு இருக்கும் ஒரே வெளியுலகம். சென்ற மாதம் ஒரு மாலை அவர் கறிவேப்பிலை பறித்துக்கொண்டிருந்தபோது, ஒரு கயோட்டி ஐந்தடி வேலியைத் தொற்றி ஏறி உள்ளே குதித்து, என் மகளின் ஊஞ்சலுக்கு அருகில் நின்றது. அம்மா ஓடவில்லை, ஓட முடியாது, ஓடவும் கூடாது. கையிலிருந்த எவர்சில்வர் தட்டைச் சுவரில் அடித்து ஓசை எழுப்பி, உரக்க அதட்டியபடி, முதுகைக் காட்டாமல் பின்வாங்கிக் கதவருகே வந்திருக்கிறார். அதைக் கேட்டு அது வந்த வழியே போய்விட்டது. மாநில வேட்டை மற்றும் மீன்வளத் துறை மக்களுக்குச் சொல்லும் அறிவுரையும் ஏறக்குறைய இதுவே என்பது அவருக்குத் தெரியாது.

அன்றிலிருந்து அந்தப் பின்கதவு விடியலிலும் அந்தியிலும் திறப்பதில்லை. அந்த இரண்டு நேரம்தானே என்று நீங்கள் நினைக்கலாம். 2023ஆம் ஆண்டு கோடையில் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறையாத வெயில் அடித்த ஊர் இது. இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு முதியவரோ குழந்தையோ வெளியில் கால் வைக்கக்கூடிய வேளை விடியலும் அந்தியும் மட்டுமே; கயோட்டியும் வெயிலுக்கு அஞ்சி அதே வேளையைத்தான் தேர்ந்துகொள்கிறது. ஆகவே அந்த இரண்டு நேரத்தை இழப்பது என்பது கோடை முழுவதும் வீட்டின் பின்புறத்தையே இழப்பதாகும். இதற்காகத்தான் வலை அடித்தேன். கம்பியின் நிறத்துக்கே கறுப்பு வண்ணம் பூசிய, கால் அங்குலக் கண் கொண்ட வலை அது. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் கண்ணில் படாது. பாம்பும் அதில் நுழையாது.

நம் விதிப்புத்தகம் வலையை முற்றாகத் தடுக்கவும் இல்லை. தரையிலிருந்து பதினெட்டு அங்குலம் வரை அடித்துக்கொள்ளலாம், முயல்கள் ரோஜாச் செடிகளைக் கடித்துவிடாமல் இருப்பதற்காக. ரோஜாவுக்குக் காட்டிய அந்த இரக்கத்தில் இன்னும் ஒரு மூன்றரை அடியை என் தாயாருக்கும் மகளுக்கும் நீட்டித்துத் தர முடியாதா என்பதுதான் நான் எழுத்துமூலம் கேட்டது. "காட்சி மறைக்கப்படும்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. யாருடைய காட்சி என்று அந்த வரியில் இல்லை. வேலிக்கு அப்பால் கள்ளிச் செடிகளும் கற்களும் தவிர யாரும் குடியிருக்கவில்லை.

பொறி வைக்கும் திட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நஞ்சு, துப்பாக்கி, பொறி என்று அனைத்தையும் இந்த நாடு கயோட்டியின் மீது பயன்படுத்திப் பார்த்துவிட்டது. ஒருகாலத்தில் மேற்குப் புல்வெளிகளிலும் பாலைகளிலும் மட்டும் வாழ்ந்த அந்த விலங்கு, இன்று ஹவாய் நீங்கலாக எல்லா மாநிலங்களிலும் வாழ்கிறது. ஒரு நிலப்பரப்பைத் தனதாக்கிக் காக்கும் இணையை நீங்கள் பிடித்துக்கொண்டு போனால், காலியான இடத்துக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ வேறு கயோட்டிகள் வந்துசேரும். அடுத்த ஆண்டும் அதே நிறுவனம், அதே கட்டணம். அதிலும் இது குட்டிகளை வளர்க்கும் பருவம். தாய்விலங்கைப் பிடித்தால் புதருக்குள் இருக்கும் குட்டிகளின் கதி என்னவாகும் என்பதைச் சுற்றறிக்கை பேசவில்லை. எலியும் முயலும்தான் அவற்றின் அன்றாட உணவு. இந்த நகரத்தின் ஆரஞ்சு மரங்களில் கூரை எலிகள் பெருகிக்கிடக்கும்போது, எலி பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு விலங்கைப் பணம் கொடுத்து அப்புறப்படுத்துகிறோம்.

அவை ஏன் வீடுகளை நெருங்குகின்றன என்பதையும் குழு எண்ணிப் பார்க்கலாம். ஆண்டுதோறும் அக்டோபரில் நம் பொதுப் புல்வெளியில் குளிர்காலப் புல் விதைத்து, கட்டணத்தில் ஒரு நல்ல பங்கைத் தண்ணீராக அதற்கே ஊற்றுகிறோம். சுற்றிலும் பாலை காய்ந்து கிடக்க, இங்கே மட்டும் பச்சைப் புல். அதைத் தின்ன முயல், முயலைத் தின்னக் கயோட்டி. இந்த விருந்துக்கு அழைப்பிதழ் அடித்தது சங்கமே அல்லவா? மேலும், இம்மாநிலத்தில் மக்கள்தொகை மிகுந்த மாவட்டங்களில் பறவை, அணில் போன்ற சில விலக்குகள் தவிரக் காட்டு விலங்குகளுக்கு உணவிடுவது சட்டப்படி குற்றம். காக்கைக்குச் சோறு வைக்காமல் வாழ்நாளில் ஒரு நாளும் உண்டறியாத என் தாயார், வைத்த சோறு கயோட்டிக்குப் போய்ச்சேரும் என்று நாங்கள் எடுத்துச் சொன்னதும், காக்கைக்குச் சட்டத்தில் விலக்கு இருந்தும், அந்த வழக்கத்தை நிறுத்திக்கொண்டார். நம் தெருவில் ஒரு வீட்டு வாசலிலோ நாய்த்தீனிக் கிண்ணம் இரவு முழுவதும் நிரம்பியே இருக்கிறது. அதைப் பற்றிப் பலர் முறையிட்டும் அந்த வீட்டுக்கு இதுவரை ஓர் அறிவிப்பும் போனதாகத் தெரியவில்லை. குப்பைத் தொட்டி ஓர் இரவு கூடுதலாகத் தெருவில் நின்றால் கடிதம், சரளைக் கல்லின் நிறம் ஒரு சாயல் மாறினால் கடிதம், கூடைப்பந்து வளையத்துக்குக் கடிதம். எழுதுவதில் குழுவுக்குச் சோம்பல் இல்லை என்பதை நாங்கள் அனைவரும் அறிவோம்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டுச் சற்று விலகிப் போய்விட்டேன். மலை ஓரத்தில் வாழும் நம்மைக் கயோட்டியிடமிருந்து காப்பது நல்ல வேலியும் மூடிய குப்பைத் தொட்டியும் உரத்த குரலுமே. இவற்றில் கடைசி இரண்டை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். முதலாவதற்கு உங்கள் கையொப்பம் வேண்டியிருக்கிறது. வலைக்கும் உருளைக்கும் ஆகும் செலவை அந்தந்த வீட்டினரே ஏற்பார்கள். சங்கத்துக்கு ஒரு டாலர் செலவில்லை. நிறம், கண்ணளவு, பொருத்தும் முறை ஆகியவற்றை நீங்களே வகுத்துக் கொடுங்கள், அப்படியே செய்கிறோம்.

ஆகவே, வரும் பொதுக்கூட்டத்தில் பொறி வைப்பதற்கான வாக்கெடுப்புக்கு முன்பாக, முழு உயர வலைக்கும் உருளைக்கும் அனுமதி தரும் விதித் திருத்தத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறும், அது முடிவாகும் வரை எனக்கும் இதே காரணத்துக்காக அறிவிப்புப் பெற்ற மற்ற வீடுகளுக்கும் அபராதத்தை நிறுத்திவைக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். உங்களில் யாரேனும் வலையை நேரில் பார்க்க விரும்பினால், மாலையில் வெயில் தாழ்ந்ததும் வாருங்கள்.

இப்படிக்கு,
கடைசித் தெருவில் குடியிருக்கும் ஒரு வீட்டு உரிமையாளர்