ஓலை ஆச்சிக்கும் எங்களைக் கரை சேர்த்த எல்லோருக்கும்

ஏரலில் எங்கள் தெருக்காரர்களுக்கும், எங்கிருந்தோ வந்து கைகொடுத்த முகம் தெரியாத அத்தனை பேருக்கும் வணக்கம்.

நடந்ததை நான் எழுதப் போவதில்லை. மார்கழி பிறந்த அன்று தாமிரபரணியில் வெள்ளம் எப்படி வந்தது, எது வரைக்கும் வந்தது என்று நம் ஊரில் யாருக்கும் யாரும் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று செய்தியில் கேட்ட வெளியூர்ச் சொந்தங்கள் இன்னமும் போன் செய்து விசாரிக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் நான்கு பேரும் நன்றாக இருக்கிறோம். வீட்டில் சேறு அள்ளி முடிந்தது. சுவரில் தண்ணீர் நின்ற கோடு இருக்கிறது, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அதுவும் போய்விடும்.

இந்த மடல் நன்றி சொல்வதற்காக. முக்கியமாக ஒருவருக்கு. அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பேத்தி வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். ஆச்சி, இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு உங்களிடம் வருகிறேன்.

கடலுக்குப் போகிற படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் தெருவுக்குள் ஓட்டிய மீனவ அண்ணன்மார்களுக்கு நன்றி. யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் பள்ளிக்கூடத்துப் பூட்டை உடைத்து எங்களை உள்ளே விட்ட ஆசிரியருக்கு நன்றி. பால் பவுடரும், பிள்ளைகளுக்கு உள்ளாடையும், கேட்கக் கூச்சப்பட்ட எங்களுக்குக் கேட்காமலே நாப்கினும் கொண்டுவந்து கொடுத்த கல்லூரிப் பெண்களுக்கு நன்றி. பெரிய அண்டாவில் சாம்பார் சாதம் கிண்டிய கைகளுக்கும், கம்பத்தில் ஏறி நின்று விளக்கு எரிய வைத்த மின்வாரியத் தம்பிகளுக்கும், வெளி மாவட்டங்களிலிருந்து வந்து எங்கள் தெருச் சகதியை அள்ளிய தூய்மைப் பணியாளர்களுக்கும் நன்றி. அந்தச் சகதியில் என்னென்ன கிடந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும். சேறு புகுந்த என் தையல் மிஷினைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் போட்டு ஓட வைத்துவிட்டு, காசு வாங்க மாட்டேன் என்று போன மெக்கானிக் அண்ணனுக்கும் நன்றி. அந்த மிஷின்தான் எங்களுக்குப் பாதிச் சோறு.

சரி, இப்போது ஆச்சி.

எங்கள் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மகனுக்கு நான்கு வயது, பால்வாடிக்குப் போகிறான். நான் தைப்பவள் என்பதால் வீட்டில் எப்போதும் வெட்டுத்துணி கிடக்கும். சாயங்காலம் மிஷினை மூடிய பிறகு நானும் பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்து எதையாவது செய்துகொண்டிருப்போம். சிரட்டையில் நூல் கட்டிய தராசு, சோடா மூடியைச் சக்கரமாக வைத்த தீப்பெட்டி ரயில், பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி ஒட்டிய மயில், ஆற்றங்கரைக் களிமண்ணில் பிடித்த அடுப்பும் சட்டியும். அவை எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைத்திருந்தாள் மகள். படகில் ஏறியதும் அவள் என்னிடம் கேட்டது அந்தப் பெட்டியைத்தான். நான் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு கொடுத்தால் சாப்பிடுவாள், படு என்றால் படுப்பாள். வாயே திறக்கவில்லை. சின்னவன் வேறு மாதிரி. யாராவது பக்கெட்டில் தண்ணீர் ஊற்றினால் போதும், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் சேலைக்குள் புகுந்துவிடுவான்.

பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்பறைக்கு எதிரே, வராந்தாத் தூண் ஓரமாக ஆச்சி உட்கார்ந்திருப்பார்கள். யாரோடும் அதிகம் பேச்சில்லை. மழை கொஞ்சம் விட்ட ஒரு மத்தியானம் எழுந்து, சமையல்காரரிடம் அரிவாளை இரவல் வாங்கிக்கொண்டு, மதிலுக்குப் பின்னால் வடலிகளாக நின்ற இளம் பனைகளைப் பார்த்து நடந்தார்கள். திரும்பி வந்தபோது கையில் இளம் ஓலை ஒன்று இருந்தது. மட்டையின் இரண்டு பக்கமும் ரம்பமாக இருக்குமே கருக்கு, பிள்ளைகள் கை பட்டுவிடக் கூடாது என்று அதை அங்கேயே சீவி எறிந்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். பிறகு காலை நீட்டி உட்கார்ந்து, ஓலையை இதழ் இதழாகப் பிரித்து, நடுவில் இருக்கும் ஈர்க்கை உருவிப் போட்டு, கட்டைவிரல் நகத்தாலேயே ஒரே அகலத்துக்குக் கிழித்து அடுக்கினார்கள். என் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆச்சி அவளைச் சமாதானப்படுத்தவில்லை. பெயர் கேட்கவில்லை, தலையைத் தடவவில்லை, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. "ஏட்டி, இந்த நுனியக் கொஞ்சம் பிடி. எனக்குக் கை ஒண்ணு கொறையுது" என்றார்கள். அவ்வளவுதான்.

அவள் போய்ப் பிடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "இறுக்கிப் பிடிக்கணுமா ஆச்சி?" என்று கேட்டாள். நான் அடுத்த அறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இதைப் பற்றி நிறைய யோசித்துவிட்டேன். அந்த நாட்களில் எங்களைப் பார்க்க வந்த எல்லோரும் எங்களுக்கு ஏதாவது கொடுத்தார்கள். மனசார, அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். நாங்கள் வரிசையில் நின்று வாங்கினோம். என் மகளும் தட்டு, போர்வை, பிஸ்கட் என்று எல்லாவற்றுக்கும் கையை நீட்டி நீட்டி வாங்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒன்றைக் கேட்டது ஆச்சி மட்டும்தான். இந்தச் சின்னக் கை எனக்கு வேண்டும் என்று கேட்டார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று எனக்கு அவள் முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தபோது தெரிந்தது.

முதலில் முடைந்தது கிலுக்கு. குழந்தைகள் ஆட்டுகிற கிலுகிலுப்பைதான். ஒரு இணுக்கு மேலே, ஒரு இணுக்கு கீழே என்று நான்கு பக்கமும் மடித்து மடித்துச் சின்ன டப்பா போல வரும். வாயை மூடுவதற்கு முன்னால் உள்ளே ஏதாவது போட வேண்டும். ஆச்சி சின்னவனைக் கூப்பிட்டு, "ஏல, சமையக்கட்டுல போயி நாலு புளியங்கொட்ட வாங்கிட்டு வா. நீ கொண்டாந்தாத்தான் இது பேசும்" என்றார்கள். என் சேலையை விட்டு அசையாமல் இருந்த பிள்ளை தனியாகப் போய் ஒரு பிடி கொட்டையோடு வந்தான். கிலுக்கு பேசியது. அன்று இரவு அதன் சத்தத்தில் அந்த அறையில் யாரும் தூங்கவில்லை, ஒருவரும் கோபித்துக்கொள்ளவும் இல்லை.

மறுநாள் பக்கத்து வகுப்பறைப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். கிழித்து வைத்த ஓலை வாடி விறைத்துவிடும், அதனால் ஈரத்துணியில் சுற்றி வைத்து அவ்வப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும். அந்த வேலையை ஆச்சி சின்னவனுக்குக் கொடுத்தார்கள். ஒரு மக்கில் தண்ணீரும் அவன் கையும். முதலில் விரல் நுனியைத்தான் விட்டான். பிறகு உள்ளங்கை. சாயங்காலம் மணிக்கட்டு வரைக்கும் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு, "ஓல காயுது, ஓல காயுது" என்று எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தான். இப்போதும் மழை இரைந்தால் என்னிடம் வந்து ஒட்டிக்கொள்கிறான். ஆனால் காதைப் பொத்துவதில்லை.

பெரிய பையன்களுக்குக் காற்றாடி. இரண்டு துண்டு ஓலையைக் குறுக்கே கோத்து, நடுவில் உடைமுள்ளைக் குத்தி, குச்சியில் செருகினால் முடிந்தது. வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினார்கள். பாம்பு செய்தார்கள், மீன் செய்தார்கள், கைக்கடிகாரம் செய்து ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். தாய்மார்களும் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தோம். எங்களில் பல பேருக்கு விரல்கள் மறக்கவில்லை. அக்கா ஒருவர் சின்ன வயதில் உடன்குடிப் பக்கம் கருப்பட்டிக்குப் பெட்டி முடைந்தவராம். அவர் கை போன வேகத்தைப் பார்த்து ஆச்சியே, "எம்மா, நீ யாரு மக?" என்று கேட்டார்கள்.

ஒன்று கவனித்தேன். பிள்ளை முடைந்தது கோணலாக இருந்தால் ஆச்சி பிரித்துத் திருத்த மாட்டார்கள். "இது நிக்குதா? நின்னாச் சரி" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் புராஜெக்ட் என்று எழுதி அனுப்புகிறார்களே, சார்ட் பேப்பர், தெர்மாகோல், மினுமினுப்புத் தூள் என்று வாங்கி ராத்திரி பதினோரு மணிக்கு அப்பா அம்மா உட்கார்ந்து ஒட்டுவதாகத்தான் பெரும்பாலான வீடுகளில் அது முடிகிறது. மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு போவது மட்டும்தான் பிள்ளையின் வேலை. ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோளாகவே சொல்கிறேன். ஒரு ஓலையைக் கொடுங்கள். கோணலாகச் செய்து வரட்டும். செய்தது யார் என்று பார்த்தாலே தெரியும்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் ஆச்சியைப் பற்றி அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். மண்சுவர் வீடு, ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அதைவிடப் பெரிய இழப்பு, தைப்பொங்கலுக்கு என்று காயவைத்துக் கட்டி வைத்திருந்த ஓலை முழுவதும் போய்விட்டது. கட்டிக்கொடுத்த பெண்பிள்ளைகளுக்குச் சீராகக் கொடுக்கிற பொங்கல்படிக்குப் பெட்டி, பனங்கிழங்கு அவிக்கிற வீட்டுக்குக் கடகம், புடைக்கிற சொளகு என்று வருடத்தில் ஆச்சி கையில் நாலு காசு பார்ப்பது இந்தச் சமயத்தில்தான். அது தெரிந்துகொண்டேதான் தூண் ஓரத்தில் உட்கார்ந்து எங்கள் பிள்ளைகளுக்குப் பாம்பும் மீனும் செய்து கொடுத்திருக்கிறார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆச்சி, நாங்கள் பிள்ளைகளோடு பேசி முடிவு செய்ததை உங்களுக்குச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை இனி எங்கள் வீட்டில் ஓலைக்குத்தான். மகளுக்கு அடி போடுவது வந்துவிட்டது, மூலை மடக்குவதில்தான் தடுமாறுகிறாள். தகரப் பெட்டிக்குப் பதிலாக மூடி போட்ட ஓலைப்பெட்டி ஒன்றைத் தானே முடைவேன் என்று நிற்கிறாள். அது வரைக்கும் உள்ளே வைக்க வேண்டியவற்றைத் தம்பி சேர்த்துக்கொண்டிருக்கிறான். இப்போதைக்குப் புளியங்கொட்டை மட்டும்தான் இருக்கிறது.

ஆவணியில் பனம்பழம் விழும்போது கொட்டை பொறுக்கிக் குளத்துக்கரையில் ஊன்றப் போகிறோம். தெருப் பிள்ளைகள் எல்லோரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். 2021-இல் வந்த வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே, பனையை வெட்ட வேண்டுமென்றால் மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்துவிட்டார்கள். இருக்கிற மரத்தை அது காக்கட்டும், புதிய மரத்தை நாம் வைப்போம். பாளை விட 12 முதல் 15 வருடம் ஆகும் என்பார்கள். அப்போது என் மகள் பெரிய பெண்ணாகியிருப்பாள். ஆனால் முடைவதற்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம், வடலியாக நிற்கும்போதே ஓலை கிடைக்கும். ஒரு வடலியில் ஒரு ஓலை, அடுத்ததற்கு அடுத்த வடலி என்று நீங்கள் சொன்னது எங்களுக்கு நினைவிருக்கிறது.

தெருக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பொங்கலுக்குப் படி கொடுக்கப் பிளாஸ்டிக் கூடையும் எவர்சில்வர் வாளியும் வாங்க நினைத்திருந்தால், அதில் ஒன்றையாவது ஆச்சியிடம் ஓலைப்பெட்டியாகச் சொல்லிவிடுங்கள். முன்பணம் கொடுத்தால் ஓலை வாங்க உதவும். மணப்பாட்டில் பெண்கள் கூட்டுறவுச் சங்கமாகவே சேர்ந்து இந்த வேலையைச் செய்கிறார்கள். நம் ஊரிலும் கற்றுக்கொள்ள ஆசைப்படும் பெண்கள் இருந்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள். பள்ளிக்கூடத்து வராந்தாவில் உட்கார்ந்த கூட்டமே பாதிப்பேர் தேறும்.

ஆச்சி, உங்கள் வாசலில் இன்னும் ஈரம் காயவில்லை என்று பேத்தி சொன்னாள். எங்கள் மொட்டைமாடியில் நல்ல வெயில் விழுகிறது, பெருக்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை அவர் சைக்கிளில் வந்து புது ஓலைக்கட்டைத் தூக்கி வருவார். காயப் போட்டுவிட்டு நீங்கள் கீழே வந்து சாப்பிடுங்கள். நேரத்துக்கு நேரம் ஓலையைத் திருப்பிப் போடுவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

நன்றியுடன்,
கிலுக்குப் பிள்ளைகளின் அம்மா,
ஏரல்