விடியற்காலை மணல்

அன்புள்ள சுந்தரம்,

எட்டு மாதமாகப் பதில் போடவில்லை. முட்டி வலி, பேரன் வருகை என்று எதையாவது சொல்லலாம், நீ நம்பமாட்டாய். போன வாரம் மாலத்தீவில் இருந்தேன். சிரிக்காதே. நாற்பதாவது கல்யாண நாளுக்கு மகன் செய்த ஏற்பாடு. வாடகை எவ்வளவு என்று கேட்டேன், வாயைத் திறக்கவில்லை. நம் காலத்தில் அந்தப் பணத்துக்கு ஒரு சிறுபாலம் கட்டி, உன் பெரியசாமி கான்ட்ராக்டருக்கும் மிச்சம் விட்டிருக்கலாம்.

அங்கே ஒரு தீவுக்கு ஒரு விடுதிதான். மாலேயிலிருந்து கடல் விமானம். விமானி வெறுங்காலோடு ஓட்டினார். கமலா இறங்கும்வரை முருகனை விடவில்லை. நம் ஓட்டை ஜீப் எவ்வளவோ மேல். காலையில் மாஸ் ஹுனி என்று சூரைமீனையும் தேங்காய்த்துருவலையும் வெங்காயம், மிளகாயோடு பிசைந்து ரொட்டியுடன் தருகிறார்கள். அதை மட்டும் நீ சாப்பிட்டிருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் விடியுமுன் டீசல் எஞ்சின் சத்தத்தில் விழித்தேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? போய்ப் பார்த்தால், நான்கு பேர் முழங்கால் தண்ணீரில் நின்று தடித்த குழாயைப் பிடித்திருக்கிறார்கள். அதன் வாயிலிருந்து மணலும் நீரும் கஞ்சிபோலக் கொட்டுகிறது. ஒருவர் பலகையால் இழுத்து மட்டம் செய்கிறார். வெளிச்சம் வந்ததும் குழாயைச் சுருட்டித் தாழம்புதருக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். ஏழு மணிக்கு ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்து அதே இடத்தில் துண்டை விரித்தார்கள்.

மேற்பார்வையாளரைப் பிடித்துக்கொண்டேன்; பொறியாளன் புத்தி போகுமா? தென்மேற்குப் பருவத்தில் மணல் தீவின் ஒரு பக்கம் சேருமாம், வடகிழக்கில் மறுபக்கம் போகுமாம். படகுத்துறையும், கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவும் கட்டியபின் மணல் அப்படிப் போய்வர வழியில்லை. அந்த மணலையும் பெரும்பாலும் கிளிமீன்தான் செய்கிறது: பவளப்பாறையைக் கொறித்துத் தின்று பின்பக்கமாக விடுவது. கமலாவிடம் சொன்னேன். அதன்பின் அவள் செருப்பைக் கழற்றவே இல்லை. 1998-இல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்துச் செத்தது, 2016-இல் மறுபடியும். தீவுகளின் சராசரி உயரமோ ஒன்றரை மீட்டர்தான். அடுத்த மணலுக்கு எங்கே போவார்கள் என்று கேட்டேன். அவர் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

மற்ற இரண்டு இரவும் நான் தூங்கவில்லை, சுந்தரம். அன்று தூண்டில் வளைவுக்கு நாம் கல் கொட்டிய இடத்தில் தெற்கே மணல் சேர்ந்தது. மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டோம். வடக்குக் குப்பத்தில் மூன்று தெரு கடலுக்குள் போயிற்று. மணல் வடக்கே நகர்வதை அந்தக் கல் தடுக்கும், அடுத்த குப்பம் அரிக்கப்படும் என்று நீ கோப்பில் இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். அந்தப் பக்கங்களை நான் மேலே அனுப்பவில்லை. என் மேசை இழுப்பறையில்தான் இருந்தன. பதவி உயர்வுப் பட்டியல் வரும் மாதம் அது. நீ கேட்டதே இல்லை; தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

தை பிறந்ததும் வருகிறேன். அந்தக் குப்பத்துக்குப் போக வேண்டும். வலைக்கார ஆறுமுகம் இருக்கிறாரா என்று விசாரித்து வை. என் முட்டிக்கு ஆட்டோ வேண்டும், உன் ஸ்கூட்டர் வேண்டாம். மாலத்தீவிலிருந்து மணல் எடுத்துவரச் சட்டம் இடம் தராது. ஆனால் கமலாவின் செருப்பைத் தட்டினால் இன்னும் கொஞ்சம் விழுகிறது.

உன்,
ராகவன்